இறங்குவது உப்பு, பிடிப்பது மசாலா

தயிரிலும் மிளகாய்த் தூளிலும் மஞ்சளிலும் இரவு முழுவதும் ஊறிய கோழித் துண்டு ஒன்றை அடுப்பில் வைப்பதற்கு முன் குறுக்கே வெட்டிப் பாருங்கள். எலும்பில்லாத நெஞ்சுக்கறியாக இருந்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். வெளிவிளிம்பில் ஒரு மெல்லிய சிவப்புக் கோடு இருக்கும். அதன் பருமன் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். அதற்கு உள்ளே, கறிக்கடையில் வாங்கியபோது இருந்த அதே வெளிறிய இளஞ்சிவப்பு. துணியில் பட்டால் போகாத மஞ்சள்கூடப் பன்னிரண்டு மணி நேரத்தில் கறிக்குள் அவ்வளவு தூரம்தான் போயிருக்கிறது.

இப்போது அந்தச் சிவப்புக் கோட்டுக்குச் சற்று உள்ளே, நிறமே ஏறாத பகுதியிலிருந்து ஒரு சிறு கீற்றை நறுக்கி எடுங்கள். எதுவும் சேர்க்காமல் வேகவைத்து வாயில் போடுங்கள். மிளகாய்க் காரம் இருக்காது. சீரக வாசனை இருக்காது. ஆனால் உப்பு இருக்கும்.

"மசாலா நல்லா இறங்கணும்" என்கிறோம். "மசாலா நல்லாப் பிடிக்கணும்" என்றும் சொல்கிறோம். இரண்டையும் ஒரே பொருளில்தான் சொல்லி வருகிறோம். வெட்டிப் பார்த்த துண்டோ இரண்டும் வேறு வேறு என்கிறது. உப்பு இறங்குகிறது, மசாலா பிடிக்கிறது. இந்த வேறுபாடு புரிந்துவிட்டால், கோழியை எவ்வளவு நேரம் ஊறவைப்பது, எங்கே கீறுவது, எப்போது நெருப்பிலிருந்து எடுப்பது என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை தானாகவே வந்து சேரும்.

பொதுத் தந்தூரிலிருந்து தர்யாகஞ்சுக்கு

காரமான மசாலா தடவிச் சுடும் கோழி உலகின் பல மூலைகளில் உண்டு. இந்த அத்தியாயத்துக்கு நான் தந்தூரி சிக்கனை எடுத்துக்கொள்கிறேன். அதன் ஒவ்வொரு படியிலும் ஒரு இயற்பியல் பாடமோ வேதியியல் பாடமோ இருக்கிறது.

தந்தூர் என்பது பானை வடிவில் செய்த மண் அடுப்பு. அடியில் கரித்தணல் கிடக்கும். வாய் மேலே திறந்திருக்கும். ராஜஸ்தானில் உள்ள காலிபங்கனில், சிந்துவெளி நாகரிகக் குடியிருப்பை அகழ்ந்தபோது இதையொத்த மண் அடுப்புகள் கிடைத்தன. பஞ்சாப் கிராமங்களில் தெருவுக்குப் பொதுவாக ஒரு தந்தூர் இருக்கும். பெண்கள் வீட்டிலிருந்து பிசைந்த மாவைக் கொண்டுவந்து, அங்கே ரொட்டி சுட்டுக்கொண்டு போவார்கள். 1947-ல் நாடு பிரிந்தபோது பெஷாவரிலிருந்து டெல்லிக்கு அகதிகளாக வந்தவர்களில் குந்தன் லால் குஜ்ராலும் குந்தன் லால் ஜக்கியும் இருந்தார்கள். தர்யாகஞ்சில் அவர்கள் தொடங்கிய மோதி மகால் உணவகம்தான் தந்தூரி சிக்கனை இந்தியா முழுவதற்கும் அறிமுகப்படுத்தியது. இன்று நம் ஊர்ப் பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள கடையிலும் அது கிடைக்கிறது.

செய்முறை எளிது. தோல் உரித்த கோழியை ஆழமாகக் கீறுவார்கள். முதலில் உப்பு, எலுமிச்சைச் சாறு, இஞ்சி பூண்டு விழுது, மிளகாய்த் தூள் தடவிச் சிறிது நேரம் வைப்பார்கள். அடுத்து நீர் வடித்த கெட்டித் தயிர், கடுகு எண்ணெய், கரம் மசாலா, காய்ந்த வெந்தயக் கீரையான கசூரி மேத்தி எல்லாம் கலந்து பூசி, பல மணி நேரம் ஊறவைப்பார்கள். பிறகு நீண்ட கம்பியில் குத்தித் தந்தூருக்குள் இறக்குவார்கள். ஏன் இரண்டு முறை தடவ வேண்டும்? ஏன் கீற வேண்டும்? தயிரின் நீரை ஏன் வடிக்க வேண்டும்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

உப்பின் நடைப்பயணம்

கோழிக்கறியில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு நீர்தான். மீதியில் பெரும்பகுதி புரதம். புரத இழைகள் வலைபோலப் பின்னி நீரைப் பிடித்து வைத்திருக்கின்றன. இந்த நீர்தான் உப்புக்குப் பாதை. நீரில் கரைந்ததும் உப்பு, சோடியம் அயனியாகவும் குளோரைடு அயனியாகவும் பிரிந்துவிடும். இரண்டும் மிகச் சிறியவை. நீரோடு நன்றாக ஒட்டிப் பழகுபவை.

ஆனால் அவை நேராக நடப்பதில்லை. தேர்த் திருவிழா நெரிசலில் அகப்பட்ட ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு அடி முன்னே போனால் அடுத்த இடியில் பக்கவாட்டிலும், அதற்கடுத்த இடியில் பின்னாலும் தள்ளப்படுவார். அயனிகளும் இப்படித்தான் நீர் மூலக்கூறுகளிடம் இடி வாங்கிக்கொண்டே நகர்கின்றன. வெளியே உப்பு அதிகம், உள்ளே குறைவு என்பதால், மொத்தத்தில் பார்த்தால் உள்ளே போகும் கூட்டம் கூடுதலாக இருக்கிறது. இதற்கு விரவல் என்று பெயர்.

இப்படி நகரும் எதற்கும் ஒரு கண்டிப்பான கணக்கு உண்டு: இரண்டு மடங்கு தூரம் போக நான்கு மடங்கு நேரம் ஆகும், மூன்று மடங்கு தூரத்துக்கு ஒன்பது மடங்கு நேரம். ஃபிரிட்ஜின் குளிரில் உப்பு ஒரு நாளில் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் இறங்கும் என்று வைத்துக்கொள்வது நல்ல தோராயம். அப்படியானால் இரண்டு சென்டிமீட்டருக்கு நான்கு நாள் வேண்டும். அரை சென்டிமீட்டருக்கு ஆறு மணி நேரம் போதும்.

கத்தியின் அருமை இங்கேதான் தெரிகிறது. நான்கு சென்டிமீட்டர் பருமனுள்ள தொடையின் நடுவை உப்பு எட்ட, எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் இரண்டு சென்டிமீட்டர் வர வேண்டும். நான்கு நாள் காத்திருந்தால் கறி கெட்டுவிடும். எலும்பு வரை சில கீறல்கள் போட்டு, கறியின் எந்தப் புள்ளியும் வெளிப்பரப்பிலிருந்து அரை சென்டிமீட்டருக்கு மேல் தள்ளி இல்லாதபடி செய்துவிட்டால், அதே வேலை ஆறு மணி நேரத்தில் முடிந்துவிடும். ஒரு நிமிடக் கீறல் பல நாள் காத்திருப்பை மிச்சப்படுத்துகிறது. எந்த நூலையும் படிக்காமல் தந்தூர்க்காரர்கள் கைப்பழக்கத்தில் கண்டுகொண்ட உண்மை இது.

விரவலின் விதியை 1855-ல் எழுதியவர் அடால்ஃப் ஃபிக் என்ற ஜெர்மானிய உடலியல் அறிஞர். அவர் அதைப் புதிதாகத் தொடங்கவில்லை. வெப்பம் ஒரு பொருளுக்குள் எப்படிப் பரவுகிறது என்று 1822-ல் பிரான்சின் ஃபூரியே வெளியிட்ட கணிதத்தையே, கரைந்த பொருளுக்கும் பொருத்திக் காட்டினார். நம் கோழியில் இந்த இரண்டு பேருடைய கணக்கும் நடக்கிறது. இரவில் உப்பு இறங்குகிறது. மறுநாள் வெப்பம் இறங்குகிறது. விதி ஒன்றுதான். கறிக்குள் வெப்பம் பரவும் வேகம் மட்டும் உப்பினுடையதைப் போலச் சில நூறு மடங்கு. அதனால்தான் ஒன்றுக்கு மணிக்கணக்கும் மற்றதற்கு நிமிடக்கணக்கும் ஆகின்றன. இரண்டுக்கும் வழியைச் சுருக்கித் தருவது அதே கீறல்தான்.

இறங்கிய உப்பு அங்கே என்ன செய்கிறது? தசையில் மயோசின் என்ற புரதத்தின் இழைகள் கட்டுக்கட்டாக இருக்கின்றன. உப்பு பட்டதும் அந்தக் கட்டுகள் தளர்ந்து, இழைகள் விலகிப் புடைக்கின்றன. புடைத்த வலை அதிக நீரைப் பிடித்துக்கொள்ளும். நெருப்பில் வேகும்போது உப்பிட்ட கறி நீரைக் குறைவாகவே இழக்கிறது. ஆக, முந்தைய இரவே தடவும் உப்பு சுவைக்கானது மட்டும் அல்ல. மறுநாள் கறி வறண்டு போகாமல் காப்பதும் அதுதான்.

தயிர் என்னும் இரவல் தோல்

அடுத்தது புளிப்பு. அமில கார அளவுகோலில் சுத்தமான நீர் 7-ல் நிற்கும். எண் குறையக் குறையப் புளிப்பு ஏறும். கோழிக்கறி 6-ஐ ஒட்டி நிற்கும். தயிர் ஏறத்தாழ 4.5. எலுமிச்சைச் சாறு 2-ஐச் சற்றே தாண்டியது. ஒவ்வொரு எண் இறங்கும்போதும் புளிப்பு பத்து மடங்கு கூடுகிறது. தயிருக்கும் எலுமிச்சைக்கும் நடுவே உள்ள தூரம் நூறு மடங்குக்கும் மேல்.

அமிலமும் உப்பைப் போல உள்ளே போகத்தான் பார்க்கிறது. ஆனால் வழியில் எதிர்ப்படும் புரதங்கள் அதைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. ஆகவே அதன் வேலை பெரும்பாலும் மேற்பரப்போடு நின்றுவிடுகிறது. அங்கே அது புரதத்தின் சுருளை அவிழ்க்கிறது. கொஞ்சம் அவிழ்ந்தால் மென்மை. மிஞ்சினால் புரதங்கள் ஒன்றோடொன்று இறுகி, கறி வெளுத்து, மாவு மாதிரி ஆகிவிடும். எலுமிச்சையில் இரவு முழுவதும் கிடந்த கோழி சுண்ணாம்புபோல் உதிர்வது இதனால்தான். முதல் தடவலில் எலுமிச்சைக்குச் சிறிது நேரமும், இரண்டாவதில் தயிருக்கு நீண்ட நேரமும் கொடுப்பதற்குக் காரணமும் இதுவே.

பப்பாளிக்காயில் உள்ள பப்பெயின், இஞ்சியில் உள்ள நொதி ஆகியவை புரதத்தை நறுக்கவே செய்கின்றன. முற்றிய ஆட்டுக்கறிக்குப் பப்பாளிக்காய் நல்ல துணை. இளங்கோழிக்கு அது தேவையில்லை. அதிகமானால் மேற்பரப்பு கூழாகிவிடும்.

தயிரின் உண்மையான பெருமை வேறு இடத்தில் இருக்கிறது. மேலைநாட்டுச் சுட்ட கோழியில் தோல் இருக்கும். தோலின் கொழுப்பு உருகிக் கறியைக் காக்கும், முறுகிப் பொன்னிறமாகும். தந்தூரி சிக்கனில் தோலை உரித்துவிடுகிறோம். அந்த இடத்துக்குத் தயிர் வந்து புதுத்தோலாக உட்காருகிறது. அதில் கொழுப்பு உண்டு, புரதம் உண்டு, லாக்டோஸ் என்ற பால் சர்க்கரையும் உண்டு. கறி நேரடியாகக் கருகாமல் இந்தப் பூச்சு முதல் சூட்டை வாங்கிக்கொள்கிறது.

நீரை வடிப்பது ஏன்? ஒரு கிராம் நீரை அறை வெப்பத்திலிருந்து கொதிநிலை வரை சூடாக்க ஏறத்தாழ 290 ஜூல் ஆற்றல் போதும். கொதிநிலையில் உள்ள அதே ஒரு கிராமை ஆவியாக்க ஏறத்தாழ 2,260 ஜூல் வேண்டும். கிட்டத்தட்ட எட்டு மடங்கு. பூச்சில் நீர் இருக்கும் வரை அதன் வெப்பநிலை 100 டிகிரியைத் தாண்டாது. நெருப்பு தரும் ஆற்றல் எல்லாம் ஆவியாகப் போய்க்கொண்டிருக்கும். நீர்த்த தயிரில் ஊறிய கோழி அடுப்பில் சுடப்படுவதற்குப் பதில் அவிந்துபோகும். மல்துணியில் கட்டித் தொங்கவிட்ட தயிர் அந்தத் தடையைச் சுருக்குகிறது.

எண்ணெயில் குடியிருக்கும் மணம்

மசாலாவின் பெரிய மூலக்கூறுகள் ஏன் உள்ளே போவதில்லை? அவற்றில் பெரும்பாலானவை நீரை விரும்பாதவை. மிளகாயின் காரமான கேப்சைசின், மஞ்சளின் நிறமான குர்குமின், கிராம்பின் மணமான யூஜெனால், சீரகத்துக்கு அதன் வாசனையைத் தரும் குமினால்டிஹைடு எல்லாம் எண்ணெயில் கரைபவை. கறியோ நீரால் ஆன ஊர். உப்புக்குத் திறக்கும் அந்தக் கதவு இவற்றுக்குத் திறக்காது.

அதனால்தான் பூச்சில் கடுகு எண்ணெய் சேர்க்கிறார்கள். காஷ்மீரி மிளகாய்த் தூளை நீரில் போட்டால் தூள் மிதக்கும். சூடான எண்ணெயில் போட்டால் நொடியில் எண்ணெயே சிவந்துவிடும். அந்தச் சிவப்பு கேப்சாந்தின் போன்ற நிறமிகளால் வருவது. இந்த வகை மிளகாயில் நிறம் அதிகம், காரம் குறைவு. நல்ல மிளகாயும் எண்ணெயும் இருந்தால், சில கடைகளில் சேர்க்கும் செயற்கைச் சாயத்துக்கு இங்கே வேலையே இல்லை. எண்ணெயில் கரைந்த மணங்கள் எளிதில் ஆவியாகிப் போகாமல் தயிர்ப் பூச்சில் தங்குகின்றன. பிடிக்கிறது என்று நாம் சொல்வது இதைத்தான்.

காரம் சுவை அல்ல. அது சூட்டின் உணர்வு. நம் நாக்கின் நரம்பு முனைகளில் டிஆர்பிவி1 என்ற புரத வாயில் ஒன்று இருக்கிறது. ஏறத்தாழ 43 டிகிரிக்கு மேல் சூடு பட்டால் அது திறந்து, சுடுகிறது என்று மூளைக்குச் செய்தி அனுப்பும். கேப்சைசின் பட்டாலும் அதே வாயில் திறக்கும். டேவிட் ஜூலியஸ் குழுவினர் 1997-ல் இதைக் கண்டறிந்தார்கள். 2021-ல் மருத்துவ நோபல் பரிசை அவர் ஆர்டெம் படபூட்டியனோடு பகிர்ந்துகொண்டார். தணலிலிருந்து எடுத்த துண்டு கூடுதலாகக் காரமாகத் தோன்றி, ஆறிய பிறகு அதே துண்டு சாந்தமாகிவிடுவதற்குக் காரணம் இதுதான்: ஒரே வாயிலைச் சூடும் மிளகாயும் சேர்ந்து தள்ளுகின்றன. பக்கத்தில் தயிர்ப் பச்சடி வைத்துச் சாப்பிடும்போது, பாலின் கேசின் புரதம் கேப்சைசினைப் பற்றி அகற்றிவிடுகிறது. தண்ணீரால் அது முடியாது.

தணல் பேசும் மொழி

இப்போது கம்பி தந்தூருக்குள் இறங்குகிறது. அங்கே மூன்று வழிகளில் சூடு வருகிறது. இரும்புக் கம்பி சூட்டைக் கடத்திக் கறியின் நடுவுக்கே கொண்டுபோகிறது. தணலிலிருந்து எழும் வெப்பக்காற்று கோழியைச் சுற்றி ஏறுகிறது. மூன்றாவது வழிதான் பெரியது: செந்தணலும் மண் சுவரும் வீசும் அகச்சிவப்புக் கதிர். அடுப்பங்கரையில் முகத்தில் அடிக்கும் அனலும் அதுவே.

கதிர்வீச்சின் வலிமை வெப்பநிலையின் நான்காம் அடுக்கில் ஏறுகிறது. 1879-ல் சோதனைத் தரவுகளிலிருந்து இதைக் கண்டவர் ஸ்டெஃபான். 1884-ல் கோட்பாட்டால் நிறுவியவர் அவருடைய மாணவர் போல்ட்ஸ்மான். வீட்டு ஓவனின் சுவர் 200 டிகிரி செல்சியஸ், அதாவது 473 கெல்வின். நன்றாக மூட்டிய தந்தூரின் சுவர் 450 டிகிரி என்று கொண்டால் 723 கெல்வின். கெல்வின் கணக்கில் தந்தூர் ஒன்றரை மடங்குதான். நான்காம் அடுக்குக்கு உயர்த்திப் பார்த்தால், அதன் சுவர் வீசும் கதிர் ஏறத்தாழ ஐந்தரை மடங்கு ஆகிவிடுகிறது. வீட்டு ஓவனில் அதே மசாலாவும் அதே கோழியும் இருந்தும் அந்தச் சுவை வராததற்கு முதல் காரணம் இந்தக் கணக்கு.

இந்த வேகத்தில் பூச்சின் நீர் சீக்கிரம் வற்றுகிறது. மேற்பரப்பு 140 டிகிரியைத் தாண்டும்போது மெயார்ட் வினை சூடு பிடிக்கிறது. 1912-ல் லூயி கமில் மெயார்ட் என்ற பிரெஞ்சு அறிஞர் சர்க்கரையையும் அமினோ அமிலத்தையும் சேர்த்துச் சூடாக்கி, அவை பழுப்பாவதை விவரித்தார். அந்த வினையின் சிக்கலான பாதைகளை 1953-ல் ஒழுங்குபடுத்தித் தந்தவர் ஜான் ஹாட்ஜ். ரொட்டியின் மேலோடு, வறுத்த காப்பிக் கொட்டை, சுட்ட கறி எல்லாவற்றின் மணத்துக்கும் இது பொதுவான ஊற்று. நம் பூச்சில் தயிரின் லாக்டோஸும் புரதமும், கோழிச்சாறும், பூண்டின் கந்தகச் சேர்மங்களும் ஒரே இடத்தில் கூடியிருக்கின்றன. நூற்றுக்கணக்கான மண மூலக்கூறுகள் அங்கே புதிதாகப் பிறக்கின்றன. அவற்றில் எதுவும் முந்தைய இரவு பாத்திரத்தில் இருந்தவை அல்ல.

உருகிய கொழுப்பும் சாறும் தணலில் சொட்டுகின்றன. சொட்டு விழுந்த நொடியில் புகையாகி எழுந்து, மேலே இருக்கும் கறியில் படிகிறது. தணலின் வாசனை என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு இந்தச் சொட்டுகளுடையதுதான்.

இடைவேளை

நல்ல தந்தூர்க்காரர் கோழியை ஒரே மூச்சில் சுடுவதில்லை. முக்கால் பதம் வந்ததும் கம்பியை வெளியே எடுத்து நிறுத்திவைப்பார். சில நிமிடம் கழித்து வெண்ணெயோ நெய்யோ தடவி, மீண்டும் இறக்குவார். அந்தச் சில நிமிடங்களில் ஃபூரியேயின் கணக்கு நடந்துகொண்டிருக்கிறது. மேற்பரப்பில் குவிந்த சூடு உள்நோக்கி இறங்குகிறது. கருகும் விளிம்பில் இருந்த மேற்புறம் ஆறுகிறது. இரண்டாம் சூட்டில் வெளியே முறுகுவதும் உள்ளே வேகுவதும் ஒன்றாக முடிகின்றன.

உள்ளே 50 டிகிரியைத் தாண்டும்போது மயோசின் இறுகிக் கறி வெண்மையாகிறது. 66 முதல் 73 வரை ஆக்டின் என்ற அடுத்த புரதம் இறுகி, சாற்றைப் பிழிந்து வெளியேற்றுகிறது. நெஞ்சுக்கறி வறண்டு போவது இங்கேதான். தொடையிலும் காலிலும் கொலாஜன் அதிகம். 70-ஐத் தாண்டிய பிறகே அது ஜெலட்டினாகக் கரைந்து வழவழப்பைத் தருகிறது. அதனால் காலுக்கு 80 டிகிரிகூட நல்லதுதான். நடுப்பகுதி 74 டிகிரியைத் தொட்டுவிட்டால் சால்மொனெல்லா, கேம்பிலோபாக்டர் ஆகிய கிருமிகள் இறந்துவிடும். கறியில் குத்திப் பார்க்கும் வெப்பமானி ஒன்று வீட்டில் இருந்தால் ஊகிக்க வேண்டியதில்லை.

கருகலில் கவனம்

தணலின் அழகைச் சொன்னவன் அதன் ஆபத்தையும் சொல்ல வேண்டும். கொழுப்பு தணலில் எரியும்போது பென்சோபைரீன் போன்ற சேர்மங்கள் புகையோடு வந்து கறியில் படியலாம். தசையிலுள்ள கிரியேட்டினும் அமினோ அமிலங்களும் கடுஞ்சூட்டில் வேறு சில தீய சேர்மங்களாக மாறலாம். இவற்றில் பல புற்றுநோயோடு தொடர்புடையவை. தப்பிக்கும் வழிகள் எளியவை. தீநாக்கு அடங்கித் தணல் சாம்பல் பூத்த பிறகு சுடுங்கள். கொட்டும் கொழுப்பை முன்பே நீக்குங்கள். கரியாகிப்போன விளிம்பைச் சீவி எறியுங்கள். பூண்டும் மசாலாவும் சேர்ந்த பூச்சு, தசையிலிருந்து பிறக்கும் அந்தத் தீய சேர்மங்களைக் குறைப்பதாக ஆய்வுகளில் காணப்பட்டிருக்கிறது; இந்தக் கனத்த பூச்சு அந்த வகையிலும் நமக்குத் துணை.

ஊறவைப்பது எப்போதும் ஃபிரிட்ஜில்தான், மேசைமேல் அல்ல. தயிரின் புளிப்பு கிருமிகளைக் கொன்றுவிடும் என்று நம்பக் கூடாது. புளிப்பு அலுமினியத்தையும் பித்தளையையும் அரிக்கும் என்பதால் எவர்சில்வர், கண்ணாடி, பீங்கான் பாத்திரங்களே ஏற்றவை. பச்சைக் கோழி கிடந்த பூச்சைக் கொதிக்கவைக்காமல் வெந்த கறியின்மேல் ஊற்றாதீர்கள்.

தட்டில் முடியும் வேலை

வெந்த துண்டை இப்போது மறுபடி குறுக்கே வெட்டிப் பாருங்கள். வெளியே அங்கங்கே கருத்த புள்ளிகள்: அது தணலின் கையெழுத்து. அடுத்து ஒன்றிரண்டு மில்லிமீட்டர் சிவப்பு: மசாலா பிடித்த இடம். அதற்கு உள்ளே நிறமில்லாத வெண்மை: உப்பு மட்டும் போய்ச் சேர்ந்த இடம். முந்தைய இரவு அந்த வெண்மையைப் பார்த்து மசாலா இறங்கவில்லையே என்று மனம் கலங்கியிருந்தால், இப்போது கலங்க வேண்டாம். நாக்கு முதலில் தொடுவது மேற்பரப்பை. நூற்றுக்கணக்கான மணங்கள் பிறந்ததும் அங்கேதான். சாறும் உப்பும் நிறைந்த உட்பகுதி, அந்தக் கனத்த மணத்தைத் தாங்கிக்கொள்ள வாயில் இடம் தருகிறது. கீறல்கள் அதிகம் என்றால் மேற்பரப்பும் அதிகம். ஒவ்வொரு வாய்க்கும் சிவப்பு கிடைக்கும்.

கடைசியாக ஒரு எலுமிச்சைத் துண்டைப் பிழியுங்கள். பச்சை வெங்காய வளையத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நேற்றிரவு அதிக நேரம் கிடந்திருந்தால் கறியைக் கெடுத்திருக்கும் புளிப்பு, இன்று தட்டில் ஒரு நொடியில் தன் வேலையை முடித்துவிடுகிறது. உப்புக்கு ஒரு இரவு, நெருப்புக்குச் சில நிமிடம், எலுமிச்சைக்கு ஒரு நொடி. இன்றிரவு கோழி வாங்கி வந்தால், முதலில் கத்தியை எடுத்து ஆழமாகக் கீறுங்கள். அடுத்து உப்பைத் தடவுங்கள். மற்றவை பின்னால் வரட்டும்.